முகம் தெரிகிறது, குரல் கேட்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் வீடியோ கால் பற்றிய சந்தேகங்கள்தான் அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன், தங்கள் ஊர் பெயர் வரவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூ ஆன்லைனில்தான் நடக்கும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். என் லேப்டாப் கேமராவில் முகம் மங்கலாகத் தெரிகிறது. அப்பா இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன் என்கிறார். நல்ல வெப்கேம் ஒன்று வாங்கிவிடலாமா?
– இறுதியாண்டு மாணவர், விருதுநகர்

பதில்: வெப்கேம் வேண்டாம் தம்பி. அந்தப் பணத்துக்குள்ளேயே, வாய்க்குப் பக்கத்தில் மைக் வந்து நிற்கிற மாதிரி, வயர் வைத்த யுஎஸ்பி ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் எதிரே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் பழகிவிடுவார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பச் சொல்லச் சொல்வார், மூன்றாவது தடவை அவருக்கும் சலிப்பு வந்துவிடும், உங்களுக்கும் பதற்றம் ஏறிவிடும், அப்புறம் நன்றாகத் தெரிந்த பதிலையே திக்கித் திணறிச் சொல்வீர்கள். படித்து முடித்துத் திறமையோடு நிற்கிற பிள்ளைகள் வெறும் மைக்கால் வாய்ப்பைக் கோட்டை விடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

லேப்டாப்பில் உள்ள மைக் உங்கள் வாயிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்குப் போய்ச் சேரும் குரல் 6 டெசிபல் குறையும். ஆனால் ஃபேன் சத்தமும், வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படிக் குறையாது. ஆகவே மைக் தள்ளிப் போகப் போக உங்களைவிட அறைதான் அதிகம் பேசும். ஹெட்செட் மைக்கை வாயின் ஓரத்தில், மூச்சு நேரே படாதபடி, இரண்டு மூன்று விரல் தள்ளி வையுங்கள். நேருக்கு நேர் வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் படபடவென்று அடிக்கும்.

கையில் புளூடூத் இயர்பட் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பாட்டுக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கிற அதே இயர்பட், மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் போன் பேசுவதற்கென்று உள்ள வேறொரு முறைக்கு மாறிக்கொள்ளும், அதில் கேட்கிற ஒலி, போகிற ஒலி இரண்டின் தரமும் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, நடுவில் சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது. வயருக்கு அந்தப் பயமே இல்லை.

கேமராவுக்குக் காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது நிறைய. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், மங்கலில் பாதி விரல் அழுக்குதான். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். பழைய கைடு புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன்மேல் வைத்து, கேமரா கண் மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். பின்னணியைப் பொய்யாக மாற்றும் வசதி பழைய லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம், பிராசஸர் சூடாகி உள்ளிருக்கும் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், படமும் தடுமாறும். துவைத்த போர்வை ஒன்றைச் சுருக்கமில்லாமல் பின்னால் கட்டிவிட்டால் பின்னணியும் ஆயிற்று, எதிரொலியும் குறையும்.

முதல் நாளே நண்பர் ஒருவரை அதே ஆப்பில் அழைத்து, அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆப்பை அப்டேட் செய்து, விண்டோஸ் அப்டேட் ஏதாவது காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். பிரவுசரில் இன்டர்வியூ என்றால் மைக், கேமரா அனுமதி கேட்கும், அதை அன்றே கொடுத்துவிடுங்கள். திரையில் தெரியும் உங்கள் பெயர் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள், அக்காவின் அக்கவுன்டில் நுழைந்தால் அக்கா பெயர்தான் தெரியும். போனை ஹாட்ஸ்பாட்டாக லேப்டாப்போடு ஒருமுறை இணைத்து வைத்துவிட்டால் நெட் போனாலும் அரை நிமிடத்தில் திரும்ப வந்துவிடலாம். சார்ஜர் போட்டதும் மைக்கில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் அது எர்த் கோளாறாக இருக்கலாம், முழு சார்ஜ் ஏற்றிவிட்டு சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேசுங்கள். ஒரே அறை உள்ள வீடு என்றால் அந்த ஒரு மணி நேரம் குக்கரும் மிக்ஸியும் வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். அதையும் மீறித் தெருவில் ஏதாவது சத்தம் வந்தால், வெளியில் சத்தம் வருகிறது, மன்னிக்கவும் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள், அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள குழந்தைகளுக்கு ஜூம் வழியாக வாய்ப்பாட்டுச் சொல்லித்தருகிறேன். நான் போடும் ஸ்ருதிப்பெட்டி அவர்களுக்குக் கேட்பதே இல்லை, விட்டுவிட்டு வருகிறது என்கிறார்கள். சேர்ந்து பாடினால் தாளம் ஒத்துவருவதில்லை. சில குழந்தைகளைத் தாளம் தவறுகிறாய் என்று கோபித்துக்கொண்டும் விட்டேன். நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
– பாட்டு ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் குழந்தைகளின் சார்பாக ஒரு வார்த்தை. அவர்கள் தாளம் தவறவில்லை. தவறியிருந்தாலும் அது உங்களுக்கு இந்த வழியில் தெரிய வாய்ப்பில்லை.

கணக்கு இதுதான். ஒளியிழைக் கேபிளுக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நம் ஊரிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் போனாலே 65 மில்லிநொடி ஆகும், கேபிள் கடலுக்கடியில் சுற்றிக்கொண்டுதான் போகிறது, அதோடு இரண்டு பக்கக் கருவிகளும் ஒலியைச் சுருக்கி, விரித்து, சேமித்து வெளியிடும் நேரமும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்குக் கால் நொடி ஆவது சாதாரணம். பேச்சுக்கு இது பெரிய தொந்தரவில்லை. ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு என்கிற வேகத்தில் நீங்கள் சரளி வரிசை பாடினால் ஒரு தட்டுக்கு அரை நொடி. உங்கள் 'ஸ' குழந்தைக்குக் கால் நொடி கழித்துப் போய்ச் சேர்கிறது, அது கேட்ட மாத்திரத்தில் சரியாகப் பாடுகிறது, அந்தக் குரல் உங்களுக்குத் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஆக, கச்சிதமாகப் பாடுகிற குழந்தை உங்கள் காதுக்கு ஒரு முழுத் தட்டு பின்தங்கிக் கேட்கும். எந்த மைக்கும் இதை மாற்றாது.

அதனால் சேர்ந்து பாடுவதை விட்டுவிடுங்கள். நீங்கள் பாடி நிறுத்த, குழந்தை வாங்கிப் பாடட்டும். குழந்தை பாடும்போது தாளம் போடுவது குழந்தையின் வேலை, நீங்கள் ம்யூட்டில் இருந்து, அதன் கை அதன் குரலோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கையும் குரலும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேருமென்பதால் இது நம்பகமான சோதனை. சேர்ந்து பாடிப் பழக வேண்டும் என்பது உண்மைதான், அதற்கு ஒவ்வொரு பாடத்தையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், தாளத்தோடு பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பதிவோடு சேர்ந்து பாடினால் தாமதமே இல்லை.

இனி ஸ்ருதி. ஜூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது ஏசி இரைச்சல், ஃபேன் இரைச்சல் என்று நினைத்து நீக்கப் பார்க்கும். தம்புராவின் அழகே மாறாமல் ஒலிப்பதுதான், ஆகவே அதைத்தான் முதலில் விழுங்கும். ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்தும் நீண்ட கார்வையும் சில சமயம் இதே காரணத்தால் பாதியில் தேய்ந்துபோகும். செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போனால் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல்புறத்தில் அதற்கான பட்டன் வரும், அது ஆன் என்று காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் எடுத்துவிடுங்கள். மந்திர ஸ்தாயியில் மெதுவாகப் பாடும்போது ஏற்றியும் மேல் ஷட்ஜமத்தில் இறக்கியும் அது எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும், நீங்கள் எங்கே குரலை அடக்கினீர்கள், எங்கே திறந்தீர்கள் என்பது குழந்தைக்குத் தெரியவே தெரியாது.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்த மாற்றம் ஒலி கிளம்புகிற இடத்தில்தான் வேலை செய்யும். உங்கள் லேப்டாப்பில் மாற்றினால் குழந்தைகளுக்கு நீங்கள் நன்றாகக் கேட்பீர்கள், அவ்வளவுதான். குழந்தையின் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நுணுக்கம், உங்களுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமானால் அந்த வீட்டுக் கருவியிலும் இதைச் செய்தாக வேண்டும். பெற்றோரிடம் ஒரு நாள் பத்து நிமிடம் கேட்டு வாங்கி இதை முடித்துவிடுங்கள். இரைச்சல் நீக்கியை எடுத்துவிட்டால் ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் அப்படியே போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆகவே இரண்டு பக்கமும் ஹெட்போன் அவசியம். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன், காற்று நேரே படாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, புடவைத் தலைப்பு உரசாத இடத்தில் பஞ்சு உறை போட்ட காலர் மைக் ஒன்றைக் குத்திக்கொண்டால் போதும். நீங்கள் கேட்ட 'நல்ல மைக்' என்பதற்கு என் பதில் இந்தச் சின்ன மைக்தான்.

ஸ்ருதி இரண்டு வீட்டிலும் ஒலிக்கட்டும், ஆனால் ஒரே சமயத்தில் இரண்டும் மைக்கில் போகக் கூடாது. குழந்தை பாடும்போது அதன் ஸ்ருதி மட்டும், நீங்கள் பாடும்போது உங்களுடையது மட்டும். ஐந்தரைக் கட்டை என்று பேசிக்கொண்டால் மட்டும் போதாது, வகுப்பின் தொடக்கத்தில் இரண்டையும் மாறி மாறிக் கேட்டு ஒன்றுதானா என்று உறுதி செய்யுங்கள், ஆப்புகளில் ஸ்ருதியை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் அளவு நகர்ந்திருக்கும். தரையில் உட்கார்ந்து பாடுவீர்களானால் லேப்டாப்பை ஒரு முக்காலியில் வைத்து, முகமும் தாளம் போடும் தொடையும் சேர்ந்து தெரியும்படி தள்ளி வையுங்கள். முகத்தை மட்டும் காட்டும் பாட்டு வகுப்பில் பாதி பாடம் மறைந்துபோகிறது.

நேரத்தையும் மறக்காதீர்கள். அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க் பக்கத்துக் குழந்தைக்குச் சனிக்கிழமை காலை 9 மணி வகுப்பென்றால் கோடையில் உங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. விடியற்காலை வகுப்பு வைத்திருப்பவர்கள் மார்கழி பிறக்கும் முன்பே நேரத்தை மாற்றிக்கொள்வது நல்லது, கோவில் ஒலிபெருக்கியோடு ஒரிஜினல் சவுண்ட் போட்டிபோட முடியாது.

கேள்வி: வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு. சினிமா தடையில்லாமல் ஓடுகிறது. ஆபீஸ் மீட்டிங் மட்டும் உறைந்து உறைந்து நிற்கிறது. 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறட்டுமா?
– மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: மாற வேண்டாம். பல பேர் பங்கேற்கும் ஜூம் மீட்டிங்கில் நல்ல தெளிவான படத்துக்கே நொடிக்கு 3 மெகாபிட் இருந்தால் போதும். சினிமா கொஞ்சம் முன்கூட்டியே இறங்கி வைத்துக்கொள்ளும், நடுவில் இரண்டு நொடி நெட் தடுமாறினால் உங்களுக்குத் தெரியாது. பேச்சை அப்படி முன்கூட்டி இறக்க முடியாது, ஆகவே சின்னத் தடுமாற்றமும் அப்படியே தெரியும். வேகம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. சீராக வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஃபாஸ்ட் டாட் காம் என்கிற தளத்தைத் திறந்தால் முதலில் பெரிதாக இறக்க வேகத்தைக் காட்டும். அதற்குக் கீழே கூடுதல் விவரம் கேட்டால் ஏற்ற வேகமும், இணைப்பு சும்மா இருக்கும்போதும் நெரிசலில் இருக்கும்போதும் ஆகும் தாமதமும் தனித்தனியாக வரும். சும்மா இருக்கும்போது 10 மில்லிநொடி, நெரிசலில் 300 என்று வந்தால் வீட்டில் யாரோ எதையோ ஏற்றும்போதெல்லாம் உங்கள் மீட்டிங் மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர் போனிலிருந்து போட்டோவும் வீடியோவும் தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அதை இரவுக்குத் தள்ளுங்கள்.

அடுத்து ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கேபிள்காரர் வாசலோரம் செருப்பு அலமாரிக்கு மேலே வசதியாக மாட்டிவிட்டுப் போயிருப்பார், நீங்கள் இரண்டு சுவர் தாண்டி உள்ளறையில் உட்கார்ந்திருப்பீர்கள், நடுவில் இரும்பு பீரோ. வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வரும், ஆனால் அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் அதில்தான் முட்டிக்கொள்ளும், மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் காலியாக இருக்கும், சுவர் தாண்டினால் பலவீனமாகிவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார முடிந்தால் 5ஐப் பிடியுங்கள். முடியாதென்றால் லேன் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்து லேப்டாப்பில் நேரே செருகிவிடுங்கள், அதற்கான துளை இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன இணைப்பான் கிடைக்கிறது. மாதாமாதம் கூடுதல் கட்டணம் கட்டுவதற்குப் பதில் ஒரே ஒருமுறை ஆகும் செலவு இது, தினமும் மீட்டிங் உள்ள யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு முன்பெல்லாம் ஸ்கைப்பில் பேசுவோம், இப்போது அது திறப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் பேசினால் எங்கள் முகம் கறுப்பாகத் தெரிகிறது, விட்டம்தான் தெரிகிறது, குரல் அமுங்கிக் கேட்கிறது என்று பேரன் சொல்கிறான். புதுப் போன் வாங்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை. புதுப் போனும் தேவையில்லை.

உங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டூடியோக்காரர்கள் விளக்குப் போட்டு உண்டாக்கப் பார்க்கிற வெளிச்சம் உங்கள் வீட்டு நடுவில் வானத்திலிருந்து இலவசமாக இறங்குகிறது. முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கேமரா பின்னால் உள்ள வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டு உங்கள் இருவர் முகத்தையும் இருட்டாக்கிவிடும். அப்படியே எதிர்ப்பக்கம் மாறி, தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். நேர் வெயில் முகத்தில் விழாத நேரமாக இருக்கட்டும், காலை எட்டு ஒன்பது மணி அருமையாக இருக்கும்.

போனை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் கேமராவுக்கு மோவாயும் விட்டமும்தான் தெரியும். ஒரு ஸ்டூலின்மேல் பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி வைத்து, போனை அதில் படுக்கைவாக்கில் சாய்த்து வையுங்கள், இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிவீர்கள். கண் உயரத்துக்கு இல்லையென்றால் ஸ்டூலுக்கு அடியில் பலகை போடுங்கள். குரல் அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் போன் உறை அல்லது தலையணை. போனின் கீழ் விளிம்பில் சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுதான் மைக். அதில் எதுவும் குத்தாதீர்கள், அது மூடாமல் இருந்தால் போதும். செட்டிநாட்டுச் சுவரின் கனத்துக்கு வைஃபை முகப்பைத் தாண்டி வருவது கஷ்டம், முற்றத்தில் உட்காரும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பகலில் மின்தடை வந்தால் ஆன்லைன் வகுப்பு நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை. வேறு வழி?
– பள்ளி ஆசிரியை, கடலூர்

பதில்: லேப்டாப்புக்கும் போனுக்கும் பேட்டரி இருக்கிறது, மின்சாரம் போனதும் சாவது ரவுட்டர் மட்டும்தான். ரவுட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். வாங்கப் போகும்முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் அடியில் அச்சடித்திருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆனால் 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் எரிந்துவிடலாம்.

வீடு வரை ஃபைபர் வந்திருந்தால் இது பெரும்பாலும் முழுப் பலன் தரும். அந்த அமைப்பில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. தெருமுனைப் பெட்டி வரை மட்டும் ஃபைபர் வந்து, அங்கிருந்து உங்கள் வீட்டுக்குச் சாதாரண லேன் வயர் வந்திருந்தால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், அப்போது உங்கள் யுபிஎஸ் மட்டும் இருந்து பயனில்லை. கேபிள்காரரிடம் இதை நேரடியாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே அறையில் ஒரே மீட்டிங்கில் கலந்துகொண்டால் கூவென்று ஊளையிடுகிறது, ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு போனின் ஸ்பீக்கரில் வருவதை இன்னொரு போனின் மைக் வாங்கித் திரும்ப அனுப்புகிறது, அது மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது, இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. ஒரே கருவியில் சேர்ந்து உட்காருங்கள், அல்லது இருவரும் இயர்போன் போட்டுக்கொண்டு, பேசாதவர் ம்யூட்டில் இருங்கள்.

கேள்வி: வயர் இயர்போனை டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் செருகினால் கேட்கிறது, ஆனால் நான் பேசுவது போகவில்லை. அதே இயர்போன் போனில் நன்றாக வேலை செய்கிறது.
– கணக்காளர், ஈரோடு

பதில்: இயர்போன் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத்தில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும், அதாவது மைக்கும் ஒலியும் ஒரே முனையில். பழைய டெஸ்க்டாப்பில் பச்சைத் துளை ஒலிக்கு, ரோஸ் துளை மைக்குக்கு என்று தனித்தனி. இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ வயர் ஒன்று மொபைல் கடையில் மலிவாகக் கிடைக்கும், அதைப் போட்டால் தீர்ந்தது. இரண்டே கோடு உள்ள முனை என்றால் அதில் மைக்கே கிடையாது.

கேள்வி: அம்மாவுக்குக் காலில் புண். சர்க்கரை நோய் உண்டு. வீடியோவில் டாக்டரிடம் காட்டினால் சரியாகத் தெரியவில்லை என்கிறார். எப்படித் தயார் செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓடுகிற வீடியோவில் நிறமும் நுணுக்கமும் தேய்ந்துவிடும், ஆகவே புண்ணைப் போட்டோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் காலை நீட்டச் சொல்லி எடுங்கள். ஒரு படம் முழுப் பாதமும் தெரியும்படி, ஒரு படம் அருகில், அளவு தெரிய ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. வீடியோவில் காட்டும்போது போனின் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முன்பக்கத்தைவிட அது பல மடங்கு தெளிவு.

கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அம்மாவையே பேசவிடுங்கள், வலி எங்கே, எப்போது என்று அவர் சொல்வதில் டாக்டருக்கு விஷயம் இருக்கும். மத்திய அரசின் இ-சஞ்சீவனி வழியாக இலவசமாகவே டாக்டரைப் பார்க்கலாம். எந்த வழியானாலும் மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி அது இருந்தாக வேண்டும். ஆனால் சர்க்கரை உள்ளவர் கால் புண்ணில் கறுப்பு நிறமோ, நாற்றமோ, காய்ச்சலோ இருந்தால் வீடியோ கால் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: போலீஸ் உடையில் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்து, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது, திரையைப் பகிருங்கள் என்றார். பயந்துபோய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து போனைப் பிடுங்கி வைத்தாள். அது உண்மையாக இருந்திருந்தால்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

பதில்: உண்மையாக இருக்க வழியே இல்லை ஐயா, உங்கள் மகள் செய்ததுதான் சரி. வீடியோ காலில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார், அந்த அளவுக்கு நாடு முழுக்க நடக்கிற மோசடி இது. பின்னால் தெரியும் காவல் நிலையம், கொடி, உடுப்பு எல்லாமே ஜோடனை. கேமராவை அணைக்காதே என்பதன் நோக்கம் நீங்கள் வீட்டில் யாரிடமும் கலந்து பேசிவிடக் கூடாது என்பதுதான். திரையைப் பகிர்ந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் தெரியும்.

இனி அப்படி யார் அழைத்தாலும் பதில் பேசாமல் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்திருந்தால் வங்கி ஆப்பின் கடவு எண்ணை இன்றே மாற்றுங்கள். அவர்கள் சொல்லி ஏதாவது ஆப் நிறுவியிருந்தால் உடனே நீக்கிவிட்டு, அதன்பிறகு கடவு எண்ணை மாற்றுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உங்களோடு ஓய்வுபெற்ற நண்பர்களிடமும் நடந்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பேசினால் என் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா போய்விட்டதா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் அதற்கேற்பக் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும், கேமரா அமெரிக்காவுக்கு ஏற்றபடி 60இல் இருக்கிறது. கேமரா அமைப்பிலோ மீட்டிங் ஆப்பின் வீடியோ அமைப்பிலோ 'ஃபிளிக்கர்' என்று தேடி 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், கோடு நின்றுவிடும்.